பிரதர் வேலை: பிஎஸ்சி நர்சிங் முடிச்ச பசங்களுக்கு வெளியில என்ன இருக்கு

"மாமா, நீட்டு போச்சு. அப்பா நர்சிங் சேருன்றாரு. ஆம்பளைங்களுக்கு அதுல வேலை கிடைக்குமா?"

அக்கா பையன் போன்ல கேட்டான். நான் இந்த வேலைக்கு வந்து பதிமூணு வருஷம் ஆச்சு, அப்படி இருந்தும் சட்டுனு பதில் வாயில வரல, ஏன்னா கிடைக்கும்னு சொன்னாலும் பொய் இல்ல, படாத பாடு படணும்னு சொன்னாலும் பொய் இல்ல. அன்னைக்கு நைட் டூட்டில கேப் கிடைக்கறப்பல்லாம் அவனுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்பிட்டே இருந்தேன், கேட்டானான்னு தெரியல, அதனால எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல பேர்ல இருந்து ஆரம்பிப்போம். பொம்பளைன்னா சிஸ்டர், நாங்க பிரதர். வயசானவங்க தம்பிம்பாங்க, கிராமத்துல இருந்து வர்றவங்க நேரா டாக்டர்னே கூப்பிடுவாங்க, திருத்தினாலும் கேக்க மாட்டாங்க. தமிழ்ல செவிலியர்னு போடறாங்களே, அந்த செவிலி சங்கப் பாட்டுல தலைவிய வளர்த்த செவிலித்தாய், அதுல ஆம்பளைக்கு இடமே கிடையாது, கடைசில ஒரு 'அர்' ஒட்டி எங்களையும் உள்ள இழுத்துக்கிட்டாங்க. கவர்மென்ட் லெட்டர்ல 'ஆண் செவிலியர்'னு வரும்போது எனக்கு இன்னைக்கும் சிரிப்பு வரும். ஆனா வேலை விஷயத்துல பாதி சிக்கல் இந்த எடத்துல இருந்துதான் கிளம்புது, மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில 1871-ல நர்ஸ் ட்ரெயினிங் ஆரம்பிச்ச காலத்துல இருந்தே இது பொம்பளைங்க வேலைன்னு ஊரு முடிவு பண்ணிடுச்சு. ஆம்பளை நர்ஸ்னா அந்தக் காலத்துல மனநல ஆஸ்பத்திரியும் பட்டாளமும்தான், முரண்டு பண்றவங்கள அமுக்கிப் பிடிக்க ஆள் வேணும்ல.

சரி, அவன் அடுத்து கேட்டது. "நர்ஸ் பத்தல பத்தலன்னு நியூஸ்ல சொல்றாங்களே மாமா, அப்புறம் ஏன் படிச்சவங்க சும்மா இருக்காங்க?" நல்ல கேள்வி. சில வருஷத்துக்கு முன்னாடி பார்லிமென்ட்ல சென்ட்ரல் கவர்மென்ட் சொன்ன கணக்குப்படி நாட்டுல ரெஜிஸ்டர் பண்ணின நர்சிங் ஆளுங்க 33.41 லட்சம், ஆயிரம் பேருக்கு 1.96 நர்ஸ். உலக சுகாதார நிறுவனம் சொல்றது ஆயிரத்துக்கு மூணு. அப்போ பத்தலங்கறது உண்மைதான், அதுலயும் ரெஜிஸ்டர்ல பேர் இருக்கறவங்க எல்லாம் வார்டுல நிக்கறது இல்ல, நெறைய பேர் துபாய்லயும் லண்டன்லயும் இருப்பாங்க, கொஞ்ச பேர் வீட்டுல இருப்பாங்க. ஆனா "தேவை" வேற, "போஸ்ட்" வேற. நோயாளிக்கு நர்ஸ் தேவைங்கறதுக்காக யாரும் சம்பளம் குடுக்க மாட்டாங்க, கவர்மென்ட்டா இருந்தா போஸ்ட் சாங்ஷன் ஆகணும், ப்ரைவேட்டா இருந்தா முதலாளிக்கு மனசு வரணும். இந்தியன் நர்சிங் கவுன்சில் சொல்றது டீச்சிங் ஆஸ்பத்திரில மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரில அஞ்சுக்கு ஒண்ணு. நான் நைட் டூட்டில தனி ஆளா முப்பத்தி நாலு பேர பாத்திருக்கேன், விடியறப்போ ஹேண்ட் ஓவர் குடுக்க உக்காந்தா யாருக்கு என்ன ஊசி போட்டேன்னு நோட்ட பாத்துதான் சொல்ல முடியும். அந்த வார்டுல உண்மையா ஏழு பேருக்கு வேலை இருக்கு, அந்த ஆறு வேலைய யாரும் உருவாக்கல, அவ்வளவுதான் விஷயம்.

இதுல இன்னொண்ணு, இதை வெளியாளுங்க கவனிக்க மாட்டாங்க. சின்ன ஊரு நர்சிங் ஹோம்ல வெள்ளை டிரெஸ் போட்டுட்டு இருக்கற பொண்ணுங்கள்ல நெறைய பேர் நர்ஸே கிடையாது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிச்சுட்டு ஏதோ ஒரு இன்ஸ்டிட்யூட்ல ஒரு வருஷ கோர்ஸ் படிச்சவங்க, கவுன்சில்ல ரெஜிஸ்டர் ஆகாத கோர்ஸ். பாவம் அவங்க மேல தப்பு இல்ல, ஊசி போடறதும் டிரிப் ஏத்தறதும் பழகிக்கறாங்க, மாசம் ஏழாயிரம் எட்டாயிரம் குடுத்தா போதும். அந்த இடத்துக்கு நாலு வருஷம் படிச்சவன் போய் நின்னா முதலாளி கேப்பாரு, அந்தப் பொண்ணு செய்யற வேலையத்தான நீயும் செய்யப்போற, உனக்கு எதுக்கு பதினஞ்சாயிரம்னு. பட்டத்துக்கு மதிப்பு இல்லாம போறது இந்த இடத்துல. அக்ரெடிட்டேஷன், அதாவது தரச் சான்று வாங்கின பெரிய ஆஸ்பத்திரின்னா ஆடிட் வரும், ஃபைல்ல ரெஜிஸ்டர்டு நர்ஸ் சர்டிஃபிகேட் இருக்கணும், அங்க இந்த வேலை நடக்காது, அதனால பசங்க எல்லாரும் சென்னை, கோயம்புத்தூர், மதுரைன்னு ஓடறாங்க.

நான் முடிச்சு வந்தப்போ முதல் சம்பளம் 6,500 ரூபா. ஒரு நூத்தம்பது பெட் ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி பீரோல வெச்சு பூட்டிட்டாங்க, ரெண்டு வருஷம் பாண்டு, நடுவுல போனா அம்பதாயிரம் கட்டணும். பாண்டு போடக்கூடாதுன்னு நர்சிங் கவுன்சில் சொல்லியிருக்குங்கறதே எனக்கு பல வருஷம் கழிச்சுதான் தெரியும். இப்ப முடிச்சு வர்ற பசங்கள கேட்டா ஊர்ப்பக்கம் பன்னிரண்டு, பதினஞ்சு, சென்னைல பெரிய ஆஸ்பத்திரில ஐசியூன்னா இருபதுக்கு மேலன்னு சொல்றாங்க. சென்னைல ரூம் வாடகை, சாப்பாடு போக என்ன மிஞ்சும், எஜுகேஷன் லோன் வேற ஒரு பக்கம்.

சம்பளம் கம்மின்னு யாருக்கும் தெரியாதான்னா தெரியும். 2016 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, அதுக்கப்புறம் ஜெகதீஷ் பிரசாத் கமிட்டின்னு ஒண்ணு உக்காந்தது. அது தெளிவாவே எழுதிச்சு: 200 பெட்டுக்கு மேல இருக்கற ப்ரைவேட் ஆஸ்பத்திரி, ஸ்டேட் கவர்மென்ட் நர்ஸுக்கு என்ன சம்பளமோ அதையே குடுக்கணும், 100-ல இருந்து 200 வரைக்கும்னா 10 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாது, 50-ல இருந்து 100-ன்னா 25 சதவீதம், அதுக்கும் கீழன்னா மாசம் 20,000-க்கு குறையக்கூடாது. கேரளால நர்ஸுங்க ரோட்டுல உக்காந்து 2018-ல அந்த 20,000-த்த ஆர்டரா வாங்கிட்டாங்க. நம்ம பக்கம் அந்த ரிப்போர்ட்ட பத்தி பேசினா எச்ஆர்ல ஒரு மாதிரி பாப்பாங்க. கேரளால சங்கம் இருக்கு, நம்மகிட்ட வாட்ஸ்அப் குரூப் இருக்கு.

இப்போ கவர்மென்ட் வேலைக்கு வருவோம், ஏன்னா வீட்டுல எல்லாரும் அத நம்பித்தான் சேக்கறாங்க.

தமிழ்நாட்டுல முன்னாடி கவர்மென்ட் ஸ்கூல், காலேஜ்ல நர்சிங் படிச்சா போஸ்டிங் தானா வரும்னு ஒரு காலம் இருந்துச்சு. அதுலயும் டிப்ளமோ பக்கம் பெரும்பாலும் பொண்ணுங்களுக்குத்தான் சீட்டு, பையனுக்கு கவர்மென்ட் சீட்டுன்னா பிஎஸ்சில கொஞ்சம், அவ்வளவுதான். அப்புறம் 2012-ல எம்ஆர்பின்னு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்துச்சு, 2015-ல 7,243 நர்ஸ் போஸ்டுக்கு எக்ஸாம் வெச்சாங்க, ப்ரைவேட் காலேஜ்ல படிச்சவங்களும் எழுதினாங்க. எங்க செட்டுல அது ஒரு திருவிழா மாதிரி, டூட்டி முடிச்சு வந்து பழைய புக்க எல்லாம் தூசு தட்டினோம். பாஸ் பண்ணி உள்ள போனவங்களுக்கு குடுத்த சம்பளம் தெரியுமா, மாசம் 7,700, தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல பர்மனென்ட்னு சொல்லித்தான் எடுத்தாங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சும் ஆகல, 2017 நவம்பர்ல தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல ஆயிரக்கணக்குல உக்காந்தாங்க, நியூஸ்ல பாத்திருப்பீங்க. அப்புறம் அது 14,000 ஆச்சு, பிறகு 18,000 ஆச்சு. பர்மனென்ட் ஆனவங்க ஆனாங்க, மத்தவங்க வேகன்சி வர்றப்போ சீனியாரிட்டில நகர்ந்துட்டு இருக்காங்க. கொரோனா நேரத்துல அவசரத்துக்கு எடுத்த ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுங்கள 2022 டிசம்பர் 31-ஓட போதும்னு அனுப்பினது வேற கதை, பூ தூவினது கைதட்டினது எல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு.

டிஸ்ட்ரிக்ட் ஹெல்த் சொசைட்டில அப்பப்போ விளம்பரம் வரும், துணை சுகாதார நிலையத்துல எம்எல்எச்பின்னு, இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை, அதுவும் 18,000, அதுவும் கான்ட்ராக்ட். 108 ஆம்புலன்ஸ்ல இஎம்டியா, அதாவது வண்டில கூடவே போற அவசர மருத்துவ உதவியாளரா போறாங்க நம்ம பசங்க, 2008-ல ஆரம்பிச்சதுல இருந்து அதுல ஆம்பளைங்களுக்கு இடம் உண்டு, ஆனா அந்த வேலைக்கு நர்சிங் படிச்சவனும் வரலாம், வேற சயின்ஸ் டிகிரி படிச்சவனும் வரலாம், நாலு வருஷத்துக்கு அங்க தனி மரியாதை ஒண்ணும் இல்ல. அதோட நர்சிங் எக்ஸ்பீரியன்ஸ்னு வெளிநாட்டுல காட்டப்போனா ஒத்துக்க மாட்டேன்னுடுவாங்க, இத தெரியாம மூணு வருஷம் ஆம்புலன்ஸ்ல போன பையன் ஒருத்தன் என்கிட்ட வந்து தலைல கைய வெச்சு உக்காந்தான்.

ஆம்பளைக்கு உண்மையான பந்தயம் சென்ட்ரல் கவர்மென்ட் பக்கம். எய்ம்ஸ், ரயில்வே, இஎஸ்ஐ. 2016-ல ஸ்டாஃப் நர்ஸுங்கற பேர நர்சிங் ஆஃபீசர்னு மாத்தினாங்க, ஏழாவது சம்பளக் கமிஷன்ல லெவல் 7, பேசிக் மட்டும் 44,900. அதுக்கு மேல அலவன்ஸ் எல்லாம் சேத்தா முதல் மாசமே நம்ம ஊர் ப்ரைவேட் சம்பளத்துக்கு நாலஞ்சு மடங்கு. ரயில்வேல 2024-ல நர்சிங் சூப்பரின்டென்டென்ட்னு 713 போஸ்ட் போட்டாங்க, அதே லெவல் 7. இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு யுபிஎஸ்சி வழியா 1,930 போஸ்ட், அதுவும் 2024. இதெல்லாம் ஆணும் எழுதலாம்.

எய்ம்ஸ்ல மட்டும் ஒரு கேட்ட போட்டாங்க. 2019 ஜூலைல எல்லா எய்ம்ஸுக்கும் சேத்து ஒரு முடிவு, நர்சிங் ஆஃபீசர்ல 80 சதவீதம் பொண்ணுங்களுக்கு, 20 சதவீதம் ஆம்பளைங்களுக்கு. அதுக்கு அடுத்த வருஷம் நார்செட்னு பொதுத் தேர்வு வந்துச்சு, இந்தக் கணக்கோடயே. இதுக்கு ஒரு பின்னணி இருக்கு, ராஜஸ்தான் பக்கம் நர்சிங்ல ஆம்பளைங்க கூட்டம் ஜாஸ்தி, அங்க இது போலீஸ் எக்ஸாம், டீச்சர் எக்ஸாம் மாதிரி பசங்க ரூம் எடுத்துத் தங்கி படிச்சு எழுதற பரீட்சை, ஜெய்ப்பூர் கோச்சிங் சென்டர் போர்டுல பூரா பசங்க மூஞ்சிதான். மெரிட்ல போட்டா வார்டு பூரா ஆம்பளைங்களா ஆயிடுச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பி, கடைசில 20-ல கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. கோர்ட்டு வரைக்கும் போச்சு. நியாயமா இல்லையான்னு என்ன கேட்டா, பொம்பளை நோயாளிக்கு பொம்பளை நர்ஸ் வேணும்ங்கறத நான் ஒத்துக்கறேன், ஆனா வார்டுல பாதி ஆம்பளை நோயாளிங்கதான படுத்திருக்காங்க, 20 எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் எனக்கு புரியல. விளைவு என்னன்னா பொண்ணும் பையனும் ஒரே பேப்பர் எழுதினாலும் பையனுக்கு கட் ஆஃப் மேல நிக்கும்.

பட்டாளத்து கதை இதவிட வேடிக்கை. மிலிட்டரி நர்சிங் சர்வீஸ், 1943 ஆர்டினன்ஸ்ல வந்தது, அதுல சேந்தா லெஃப்டினன்ட், நேரா ஆஃபீசர். பொண்ணுங்களுக்கு மட்டும். பையன் அதே பிஎஸ்சி நர்சிங் படிச்சிருந்தாலும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது, அவனுக்கு இருக்கறது நர்சிங் அசிஸ்டென்ட், சிப்பாய் கேடர்ல, பிளஸ் டூ சயின்ஸ் குரூப் போதும். அதாவது பட்டம் ஒண்ணு, ஆள் பொண்ணா இருந்தா சல்யூட் வாங்கலாம், பையனா இருந்தா அடிக்கணும்.

இப்போ பட்டம்னா என்ன மதிப்புங்கற கேள்வி. மூணு வருஷம் டிப்ளமோ படிச்சா போதாதா, எதுக்கு நாலு வருஷம் பிஎஸ்சி, இன்னும் ரெண்டு வருஷம் எம்எஸ்சின்னு எல்லாரும் கேக்கறாங்க. ப்ரைவேட் வார்டுல சத்தியமா வித்தியாசம் இல்ல, ஒரே ரோஸ்டர், ஒரே வேலை, சம்பளத்துல ஆயிரம் ரெண்டாயிரம் கூட இருக்கலாம். டிப்ளமோ படிச்சவங்க நெறைய பேர் கை வேலைல எங்களவிட கெட்டி, அத மனசு விட்டு ஒத்துக்கறேன், டிரிப் ஏத்த நரம்புல போடற கேனுலாவ எனக்கு முதல்ல சொல்லிக் குடுத்ததே ஒரு டிப்ளமோ சிஸ்டர்தான். வித்தியாசம் தெரியறது அப்ளிகேஷன் ஃபார்ம்ல. நார்செட்டுக்கு பிஎஸ்சி முடிச்ச பையன் ரிசல்ட் வந்து ரெஜிஸ்டர் பண்ணினதும் எழுதலாம், டிப்ளமோன்னா 50 பெட்டு ஆஸ்பத்திரில ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் காட்டணும். இஎஸ்ஐக்கு டிப்ளமோன்னா ஒரு வருஷம். வயசு வரம்பு 30, அதுல ரெண்டு வருஷம் பெரிய விஷயம், அதுவும் 34 நோயாளிய பாத்துட்டு வந்து படிக்க முடியாத ரெண்டு வருஷம். ரயில்வேக்கு ரெண்டும் ஒண்ணுதான். உள்ள போனதும் சம்பளம் எல்லாருக்கும் அதே லெவல் 7. டிப்ளமோவ மூடப்போறோம்னு நர்சிங் கவுன்சில் ஒரு தடவ சொல்லிச்சு, அப்புறம் பின்வாங்கிடுச்சு, அதனால டிப்ளமோ செத்துப்போச்சுன்னு எவனாவது ஏஜென்ட் சொன்னா நம்ப வேண்டாம்.

வளைகுடால இந்த வித்தியாசம் பளிச்சுனு தெரியும். சவுதில லைசென்ஸ் குடுக்கற கமிஷன் பிஎஸ்சின்னா நர்சிங் ஸ்பெஷலிஸ்ட்னு பதிவு பண்ணுவான், டிப்ளமோன்னா டெக்னீஷியன். கார்டுல அப்படித்தான் அடிச்சு வரும், சம்பளமும் அதுக்கு ஏத்தாப்ல. எமிரேட்ஸ்ல 2020 வாக்குல டிகிரி கட்டாயம்னு கெடுபிடி பண்ணப்போ பல வருஷமா அங்க வேலை பாத்த டிப்ளமோ நர்ஸுங்க நெறைய பேர் பதவி இறங்கினாங்க, கொஞ்ச பேர் மூட்ட கட்டிட்டு ஊருக்கு வந்தாங்க. அதே சமயம் இங்கிலாந்துக்கு டிப்ளமோ வெச்சுட்டே போகலாம், அங்க அவன் பாக்கறது இங்கிலீஷும் அவன் வெக்கற ரெண்டு பரீட்சையும், ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு செஞ்சு காட்டறது. ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் பரீட்சைல 7 வேணும், ரைட்டிங்ல மட்டும் 6.5 போதும், இல்லன்னா ஓஇடி, அது மருத்துவ வேலைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை. இந்த 7-லதான் நம்ம பசங்க விழறாங்க, நர்சிங்ல இல்ல. ஜெர்மனிக்கு பி2-ங்கற லெவல் வரைக்கும் ஜெர்மன் மொழி படிக்கணும், ஒரு வருஷத்துக்கு மேல உக்காந்து படிச்சாத்தான் வரும்.

ஆம்பளைக்கு வளைகுடால ஒரு கஷ்டம் இருக்கு. விளம்பரத்துல பாதி 'பெண்கள் மட்டும்'னு வரும், சவுதி மினிஸ்ட்ரி ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கறப்போ ரொம்பவே. பையனுக்கு கிடைக்கற இடம் எமர்ஜென்சி, டயாலிசிஸ், ஐசியூ, ஆப்பரேஷன் தியேட்டர், அப்புறம் எண்ணெய் கம்பெனி கேம்ப்ல க்ளினிக். அந்தக் கேம்ப் வேலை தனி உலகம், பாலைவனத்துல நூறு தொழிலாளிக்கு நீதான் டாக்டர் மாதிரி, பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்க. இதுக்கெல்லாம் பெரும்பாலும் ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேப்பான், அதுவும் எந்த டிபார்ட்மென்ட்னு கேப்பான். டேட்டாஃப்ளோன்னு ஒரு சரிபார்ப்பு, நீ வேலை பாத்த ஆஸ்பத்திரிக்கே மெயில் போட்டு கேப்பாங்க, அங்க எச்ஆர் ஆள் மாறியிருந்தா, நீ சண்ட போட்டுட்டு வந்திருந்தா, பதில் வராது, மாசக்கணக்குல தொங்கும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பிக்கு ஆஸ்பத்திரி பேரே மாறிப்போய் எட்டு மாசம் இழுத்துச்சு. ஒண்ணு மறக்காம சொல்லணும், 2015-ல இருந்து சவுதி, குவைத், எமிரேட்ஸ் சேத்து 18 நாட்டுக்கு நர்ஸா போகணும்னா ஈசிஎன்ஆர், அதாவது க்ளியரன்ஸ் தேவையில்லாத பாஸ்போர்ட் இருந்தாலும் எமிக்ரேஷன் க்ளியரன்ஸ் வேணும், நம்ம ஊர்ல கவர்மென்ட்டோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-ல இருந்து இருக்கு, அதோட வெப்சைட்ட மாசம் ஒரு தடவையாவது பாருங்கடா, டீக்கடைல உக்காந்திருக்கற ஏஜென்ட்கிட்ட ரெண்டு லட்சம் குடுக்கறதுக்கு முன்னாடி.

அப்புறம் இந்த மிட்வைஃபரி, பிரசவம் பாக்கற பாடம். வெளியில சொன்னா சிரிப்பாங்க, நான் ரெஜிஸ்டர்டு நர்ஸ் மட்டும் இல்ல, ரெஜிஸ்டர்டு மிட்வைஃபும்தான், சர்டிஃபிகேட்ல அப்படித்தான் போட்டிருக்கு, மருத்துவச்சி. பழைய காலத்துல ஆம்பளை ஸ்டூடன்டுக்கு பிரசவத்துக்கு பதிலா வேற பாடம் குடுத்துடுவாங்க, அவங்களுக்கும் நிம்மதி, காலேஜுக்கும் நிம்மதி. அது பின்னாடி உதைச்சுச்சு, அமெரிக்கா மாதிரி நாட்டுல லைசென்ஸுக்குப் போனா பிரசவம் குழந்தை பாடம் எத்தன மணி நேரம் படிச்சன்னு டிரான்ஸ்கிரிப்ட்ல எண்ணுவான், இல்லன்னா கதவ சாத்திடுவான். இப்ப எல்லாரும் படிக்கணும், கேஸ் புக்குல பிரசவம் எழுதணும். எழுதறது இருக்கட்டும், லேபர் வார்டுக்குள்ள விட்டாத்தான. நாங்க மூணு பசங்க போஸ்டிங் போனப்போ வாசல்ல நின்னுட்டு இருந்த ஒரு பாட்டி கைய நீட்டி மறிச்சிடுச்சு, "இங்க என்னய்யா வேலை உங்களுக்கு, போங்கய்யா அந்தப்பக்கம்". எம்பிபிஎஸ் படிக்கற பசங்க கோட்டு போட்டுட்டு எங்க முன்னாடிதான் உள்ள போனாங்க, அவங்கள அந்தப் பாட்டி ஒண்ணும் சொல்லல. அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் நல்ல மனுஷி, ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் கூப்பிட்டு விட்டு நிக்க வெச்சாங்க, இல்லன்னா பக்கத்துல இருக்கற பொண்ணு புக்க பாத்து எழுதறதுதான் நடைமுறை.

அப்போ ஆம்பளை நர்ஸ எதுக்குத்தான் எடுக்கறாங்கன்னா, இதுக்கு. ராத்திரி ரெண்டு மணி, நான் கேஷுவாலிட்டில இருக்கேன், மேல வார்டுல இருந்து போன், சிஸ்டர் பேசறாங்க, "பிரதர், ஒரு தாத்தா, யூரின் போகல சாயங்காலத்துல இருந்து, என்ன தொட விட மாட்டேங்கறாரு". எழுபது வயசு இருக்கும், வேட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு உக்காந்திருக்காரு, வயிறு கீழ கல்லு மாதிரி. சிஸ்டர வெளிய அனுப்பி ஸ்க்ரீன இழுத்து விட்டேன். "தம்பி நீ இருக்கியா, அப்ப சரி"ன்னு படுத்தாரு. பதினாறு சைஸ் ஃபோலி, யூரின் டியூப், ஜெல்லிய போட்டு ரெண்டு நிமிஷம் பொறுத்து மெதுவா உள்ள விட்டா, ப்ராஸ்டேட் கிட்ட ஒரு முட்டு முட்டி, அப்புறம் வழி விட்டுச்சு. பை நிறைய ஆரம்பிச்சதும் அவர் என் மணிக்கட்ட பிடிச்சுட்டு விடவே இல்ல, எண்ணூறு மில்லிக்கு மேல போச்சு. அப்புறம் கேட்டாரு, "இதுக்கு எத்தன வருஷம் படிக்கணும் தம்பி?" நாலுன்னேன். "அம்புட்டு வருஷமா"ன்னாரு.

ஆம்பளை வார்டு, ஆர்த்தோ, யூராலஜி, ஹார்ட்டுக்கு ஆஞ்சியோ பண்ற கேத்லாப், டயாலிசிஸ், குடிபோதைல வர்ற கேஸு, கட்டிப் பிடிக்க வேண்டிய சைக்கியாட்ரி, இங்கெல்லாம் ஆள் தேவை எப்பவும் இருக்கு. முடிச்சு வர்ற பையன் ஜெனரல் வார்டுல மூணு வருஷம் ஓட்டறத விட, ஆயிரம் ரூபா கம்மியா குடுத்தாலும் டயாலிசிஸோ ஐசியூவோ கிடைச்சா பிடிச்சுக்கணும்ங்கறது என் கட்சி. நாளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல அந்த ஒரு வார்த்தைதான் பேசும்.

எம்எஸ்சி பத்தி ரெண்டு வரி போதும். டீச்சிங் போகணும்னா வேணும், மத்தபடி வார்டுல அதுக்கு சம்பளம் இல்ல, நார்செட்ல அதுக்கு மார்க் இல்ல. 2023-ல சென்ட்ரல் கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் பக்கத்துலயே 157 நர்சிங் காலேஜுக்கு ஓகே குடுத்தாங்க, தமிழ்நாட்டுக்கு 11, அதுல வாத்தியார் வேலை கொஞ்சம் திறக்கலாம். ஆனா அந்தக் காலேஜ் எல்லாம் வருஷா வருஷம் இன்னும் ஆளுங்கள வெளிய அனுப்பும்ங்கறதையும் சேத்துத்தான் கணக்கு போடணும்.

கல்யாணப் பேச்சு தனி. எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ தரகர் முன்னாடியே சொல்லிட்டாரு, நர்ஸுன்னு சொல்லாதீங்க, ஆஸ்பத்திரில வேலைன்னு மட்டும் சொல்லுங்கன்னு. பொண்ணோட பெரியப்பா விடல, "ஆஸ்பத்திரில என்னவா இருக்காப்ல?"ன்னு கேட்டு, எங்கப்பா மென்னு முழுங்கி, கடைசில நானே சொன்னேன். இப்ப நர்சிங் ஆஃபீசர்னு பேர் மாத்தினதுல சம்பளத்த விட பத்திரிகைல போட வசதியா இருக்குன்னு எங்க செட்டுல ஒருத்தன் சொல்வான்.

அக்கா பையனுக்கு கடைசியா நான் சொன்னது காலேஜ பத்தித்தான். சொந்தமா ஆஸ்பத்திரி இருக்கா, அதுல நோயாளி இருக்காங்களா, சும்மா போர்டு மட்டுமா, போய் ஓபி நேரத்துல வாசல்ல நின்னு பாரு. எம்ஜிஆர் யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் இருக்கா பாரு, பெங்களூர் பக்கம் கம்மி ஃபீஸுன்னு எவனாவது கூப்பிட்டா முடிச்சதும் அங்க ரெஜிஸ்டர் பண்ணி, ஆட்சேபனை இல்லன்னு என்ஓசி வாங்கி, இங்க தமிழ்நாடு கவுன்சில்ல மறுபடி ரெஜிஸ்டர் பண்ற அலைச்சலையும் ஃபீஸோட சேத்துக்கோ. பாஸான பசங்க நாலு பேர் நம்பர் வாங்கி இப்ப என்ன பண்றாங்கன்னு கேளு, பொண்ணுங்கள கேக்காத, பசங்கள கேளு. மூணாவது வருஷத்துல இருந்து நார்செட் கேள்விய பாக்க ஆரம்பி, அதோட தினம் அரை மணி நேரம் இங்கிலீஷ்.

சேந்துட்டான். முந்தாநாள் மத்தியானம் போன் பண்ணான், பின்னாடி தையல் மெஷின் சத்தம் கேக்குது. காலேஜ்ல யூனிஃபார்ம் துணி குடுத்திருக்காங்க, ஊர்ல டெய்லர்கிட்ட போய் நர்சிங் யூனிஃபார்ம்னு சொல்லியிருக்கான்.

"மாமா, இவரு சுடிதார் மாடல் போட்டு வெச்சுட்டு தங்கச்சி எங்க, அளவு எடுக்கணும்ன்றாரு. என்ன சொல்ல?"

"உனக்குத்தான்னு சொல்லு. சட்டைல கத்திரிக்கோல் வெக்க இடது பக்கம் ஒரு பாக்கெட் கேளு, ஆழமா இருக்கணும்"ன்னேன்.